அக்காளுக்கு எழுதிய மடல்

குழந்தை இலக்கியத்தில் சாவுக்கு இடம் உண்டா என்னும் வினா நம் ஆசிரியர்களிடையே அடிக்கடி எழுவதுண்டு. பிஞ்சு உள்ளத்தைத் துயரம் கருக்கிவிடும் என்பர் ஒரு சாரார். வாழ்வில் உள்ளது ஏட்டில் இருந்தால் என்ன என்பர் மற்றொரு சாரார். இவ்வழக்கிற்கு விடை காணத் துணைசெய்யும் நூலொன்றை அண்மையில் படித்தேன். சென்னையில் பிறந்து, கடலியல் கற்று, அமெரிக்காவில் வாழும் பத்மா வெங்கட்ராமன் 2019ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘தி பிரிட்ஜ் ஹோம்’ என்னும் சிறுவர் நாவலே அது. எழுதிய மொழி ஆங்கிலமாயினும் கதை நிகழும் களம் சென்னை; கதைமாந்தர் நம் பிள்ளைகள்.

கதை எளியது. விஜிக்குப் பதினோரு வயது. ருக்கு அவளுக்கு மூத்தவள். ஆயினும் மனவளர்ச்சி குன்றியவள். தந்தையின் கொடுமைக்கு அஞ்சி இருவரும் பேருந்தேறி நகருக்கு ஓடிவருகின்றனர். ருக்குவின் கையில் ஒரு மரப்பாச்சி. பாழடைந்த பாலமொன்றில் அருள், முத்து என்னும் இரு சிறுவரைக் காண்கின்றனர்; நால்வரும் அங்கேயே ஒரு குடும்பமாகின்றனர். குப்பைமேட்டில் பொறுக்கியதை விற்று வயிறு கழுவுகின்றனர். மழைக்காலம் வருகிறது; காய்ச்சல் வருகிறது; ருக்கு இறந்துபடுகிறாள். துயரத்தால் ஒடுங்கிக் கிடக்கும் விஜியிடம், சிறுவர் இல்லம் நடத்தும் செலினா ஆன்ட்டி எழுதுதாளைத் தந்து, அக்காளுக்குக் கடிதம் எழுதச் சொல்கிறார். அக்கடிதமே இந்த நாவல்.

அழுகை என்னும் மெய்ப்பாட்டிற்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகிய நான்கையும் நிலைக்களனாகக் காட்டும் தொல்காப்பியம். பிறரால் இகழப்படுதல், உரியாரை இழத்தல், முன்னை நிலை தாழ்தல், இல்லாமையால் வாடுதல் என்னும் நான்கும் இந்நாவலில் உண்டு. வறுமையையும் இகழ்ச்சியையும் விஜி தாங்கிக்கொள்கிறாள். அவளை வீழ்த்துவது இழவு ஒன்றே. அந்த இழவிலும் முள்ளாய்த் தைப்பது, தன்னால்தான் அக்காள் இறந்தாள் என்னும் எண்ணம். வீட்டை விட்டு அழைத்துவந்தவள் தான். பெரியோரை நம்ப மறுத்து, உதவி நாடத் தயங்கியவளும் தானே. வளர்ந்தோர் பலரும் அறியாத உண்மையை நூலாசிரியை இங்கே அறிந்திருக்கிறார். குழந்தையின் துயரத்துள் குற்ற உணர்வு ஒளிந்திருக்கும். அதை வெளியே எடுக்காமல் சொல்லும் ஆறுதல் எதுவும் உள்ளே இறங்காது.

வழியில் விடப்பட்ட இரு பெண்களின் கதை தமிழுக்குப் புதிதன்று. பாரி மாண்டபின் அவன் மகளிர் இருவரையும் அழைத்துக்கொண்டு கபிலர் பறம்பை நீங்கிய காட்சியைப் புறநானூறு காட்டுகிறது. அப்பெண்களுக்கு அங்கவை, சங்கவை எனப் பிற்கால மரபு பெயரிட்டது. விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் அவர்களுக்காகக் கபிலர் வாய் திறந்து கேட்டார், பயனில்லை. இங்கே நாம் கருதத் தக்கவை இரண்டு. ஒன்று, கபிலர் அவர்களுடன் நடந்தார் என்பது. மற்றொன்று, தந்தை இருந்த நிலவுக் காலத்தையும் இழந்தபின் வந்த நிலவுக் காலத்தையும் ஒப்பிட்டு அம்மகளிர் பாடிய பாட்டு, ஐந்தே அடியில், அவர்கள் பெயராலேயே தொகைநூலில் நிற்கிறது என்பது. அவர்தம் துயரத்தை அவர்களே சொல்ல இடம் விட்டது நம் மரபு.

விஜிக்கும் ருக்குவுக்கும் கபிலர் இல்லை. ஒருவருக்கொருவர் அவர்களே துணை. செலினா ஆன்ட்டி நெடுநேரம் கழித்தே வருகிறார். ஆயினும் அவர் செய்த ஒரு செயல் கபிலரின் தொண்டோடு ஒப்பவைக்கத் தக்கது. அவர் அழாதே என்று சொல்லவில்லை, எழுது என்றார். எழுத எழுத விஜி ஓர் உண்மையைக் கண்டறிகிறாள். தான் சுமந்துவந்ததாக நினைத்த அக்காளே தன்னைச் சுமந்திருக்கிறாள். ருக்கு கோத்த மணிமாலைகள் காசாயின. அவள் சிரிப்பு நால்வரையும் பிணைத்தது. குற்ற உணர்வு நன்றியுணர்வாக மாறும் அந்த இடமே நாவலின் உயிர்நிலை. பின்னர்த் தந்தை தேடிவரும்போது, அவருடன் திரும்பிச் செல்லாதிருக்கும் திண்மையை அவளுக்கு அளிப்பதும் அதுவே.

குறையும் சொல்ல வேண்டும். ருக்குவே கண்டும் உண்டும் பழகியவற்றை ருக்குவிடமே விவரிக்க வேண்டிய நெருக்கடி மடல் வடிவத்தால் நேர்கிறது. தமிழ் வாழ்க்கையை அறியாத வாசகர் நடுவில் வந்து அமர்ந்துகொள்கிறார். நம் பிள்ளைகளின் பேச்சில் உள்ள முறைப்பெயர்களின் குழைவும் கொஞ்சலும் ஆங்கிலத்தில் பாதி உலர்ந்துவிடுகின்றன. இந்நூலைத் தமிழாக்க முயல்வோர், சொல்லுக்குச் சொல் மாற்றாமல், அப்பிள்ளைகளின் வாய்மொழிக்கே மீட்டுக் கொண்டுவருதல் வேண்டும்.

இனி, என் வினாவுக்கு வருகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், தாயை இழந்த மாணவி ஒருத்தி ஒரு வாரத்திற்குப் பின் வகுப்புக்கு வந்தாள். அன்று ‘என் தாய்’ என்பது கட்டுரைத் தலைப்பு. அவள் மனம் நோகும் என எண்ணி, அவளுக்கு மட்டும் ‘பசு’ என்னும் தலைப்பைத் தந்தேன். அவள் பசுவைப் பற்றிப் பத்து வரி பிழையின்றி எழுதித் தந்தாள். கருணை செய்ததாகவே நெடுநாள் நினைத்திருந்தேன். இந்நூலைப் படித்தபோதுதான், அவள் சொல்ல வந்ததை நான் பிடுங்கிக்கொண்டேன் என்பது விளங்கிற்று.

தோட்டப்பள்ளி ஆசிரியராகிய நாம் இழப்பைக் கண்ட பிள்ளைகளை ஆண்டுதோறும் காண்கிறோம். அவர்களுக்கு நாம் எழுதும் கதைகளோ, இறுதிப் பத்தியில் அறிவுரை சொல்லி முடிந்துவிடுகின்றன. சாவைக் குழந்தை நூலில் வைக்கலாமா என்பதன்று வினா. அது குழந்தையின் வீட்டுக்குள் முன்பே வந்துவிட்டது. அதன்பின் அக்குழந்தையோடு சிறிது தொலைவு நடக்க நம் ஏடுகளுக்கு மனம் உண்டா என்பதே வினா. கபிலர் நடந்த வழி நமக்கு முன்னே கிடக்கிறது.