கார்டில் ஏறிய மகள்

கொரியாவிலிருந்து வெளிநாடுகளுக்குத் தத்துப் போனவர்களின் கதைகளைக் கொஞ்ச நாளாக வரிசையாகப் படித்தும் பார்த்தும் வருகிறேன். குன்னூர்ல உக்காந்துக்கிட்டு உனக்கு எதுக்கு கொரியா என்று வீட்டிலேயே கேட்டார்கள். காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

முதலில் படம். டியான் போர்ஷே லீம் 2000-இல் எடுத்த ‘ஃபர்ஸ்ட் பெர்சன் ப்ளூரல்’. தன் கதையைத் தானே எடுத்திருக்கிறார். 1966-இல் சா ஜங் ஹீ என்ற பெயரில் ஒரு சிறுமி கலிஃபோர்னியாவில் ஒரு குடும்பத்துக்கு வந்து சேர்கிறாள். அந்தப் பெயருள்ள பிள்ளைக்குத்தான் அந்தக் குடும்பம் முன்பிருந்தே பணம் அனுப்பி வந்தது. வந்தவள் அந்தப் பிள்ளை இல்லை. அவளை அவளுடைய அப்பா வந்து கூட்டிப்போய்விட்டார். விடுதியில் இருந்த காங் ஓக் ஜின் என்கிற வேறொரு பிள்ளையை, அதே பெயரில், அதே காகிதங்களோடு விமானம் ஏற்றிவிட்டார்கள், வாயைத் திறக்காதே என்று சொல்லி. அவள்தான் இயக்குநர். இங்கிலீஷ் வந்தபிறகு ‘நான் அவள் இல்லை’ என்று சொல்லிப் பார்க்கிறாள். வீட்டில் நம்பவில்லை. காகிதத்தில் அநாதை என்று போட்டிருக்கிறதே! பெற்ற அம்மாவோ கொரியாவில் உயிரோடு இருந்தார்.

விமான நிலையத்தில் எடுத்த பழைய வீட்டுப் படச்சுருள் ஒன்று இதில் வருகிறது. வரவேற்கப் போனவர்கள் முதலில் தப்பான பிள்ளையிடம் போய்விட்டதை அமெரிக்க அக்கா சிரித்துக்கொண்டே சொல்கிறார். இயக்குநர் அதற்கு ஒரு வார்த்தை விளக்கம் சேர்க்கவில்லை. வளர்த்தவர்களைக் கொரியாவுக்கே கூட்டிப்போய், இரண்டு குடும்பத்தையும் ஒரே அறையில் உட்கார வைக்கிற காட்சியும் அப்படித்தான். நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர், எல்லோர் முகத்திலும் மரியாதை, ஒருத்தருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை.

தமிழில் இதற்குப் பக்கத்தில் வைக்க நமக்கு இருப்பது ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002). அதைக் குறைத்துச் சொல்ல மனசு வரவில்லை, கீர்த்தனாவின் முகம் அப்படி. ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. அமுதாவைத் தத்தெடுக்கப் போகும் திருச்செல்வனிடம் கல்யாணம் ஆகாதவருக்குப் பிள்ளை தரமாட்டோம் என்கிறார்கள். காகிதம் குறுக்கே வந்து நிற்கிற ஒரே இடம் அது. மணி ரத்னம் அதை உடனே காதலுக்கும் கல்யாணத்துக்கும் வழியாக்கிவிடுகிறார். அதுக்கப்புறம் படம் முழுக்கத் தாயைத் தேடுவதுதான். குண்டுகளுக்கு நடுவே தாயும் மகளும் சந்திக்கிறார்கள், நாம் அழுகிறோம். பிள்ளை எந்தப் பெயரில், யாருடைய கையெழுத்தில் கை மாறியது என்ற கேள்வி அந்த அழுகையில் கரைந்துபோகிறது.

இப்போது காரணம். அம்மா பதுளைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம் மலையகத் தமிழரைக் கணக்குப் போட்டுப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தாத்தா இலங்கைக்கு எழுதிக் கொடுத்தார், அவர் தம்பி இந்தியாவுக்கு. 1973-இல் தோட்டங்களில் சாப்பாட்டுக்கே கஷ்டம். சின்னத்தாத்தாவின் மகள் காய்ச்சலில் இறந்து சில மாதம்தான் ஆகியிருந்தது, காகிதத்தில் அவள் பெயர் இருந்தது. ஒரு வாய் குறையட்டும் என்று அந்தப் பெயரில் அம்மாவை ஏற்றிவிட்டார்கள். அம்மாவுக்கு ஒன்பது வயது, காகிதத்தில் பதினொன்று. தலைமன்னாரில் கப்பல், மண்டபம் முகாம், அப்புறம் இந்த மலை. தாயகம் திரும்பியோருக்காக 1968-இல் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் இன்றைய டான்டீ, தலைமை அலுவலகம் இங்கே குன்னூரில்தான்.

வீட்டுக்குள்ள சித்தப்பா, வெளியில அப்பா. ஆரம்பத்தில் பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் எழுந்திருப்பாராம். ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை எல்லாமே அந்தப் பெயர்தான். இரண்டு வருஷம் முன்னாடியே ரிட்டயர் ஆனார், கார்டு வயசுப்படி. 1984-இல் கப்பலும் நின்றுபோனது. அம்மாயியை அம்மா அப்புறம் பார்க்கவே இல்லை.

அதனால்தான் இந்த வகைக் கதைகளில் கடைசிச் சந்திப்பைவிட, கோப்பு எப்படிக் காட்டப்படுகிறது என்றே நான் பார்க்கிறேன். போர்ஷே லீம் கோப்பைத் திறந்து காட்டுகிறார். பெற்றோர் இருந்த பிள்ளைகளை அநாதை என்று பதிந்தது ஒருத்தர் இரண்டு பேருக்கு நடந்த விபத்து இல்லை. கொரியாவின் உண்மை ஆணையம் 2025 மார்ச்சில் 56 பேர் விஷயத்தில் உரிமை மீறல் நடந்ததை ஒப்புக்கொண்டது, பொய்ப் பதிவுகளையும் சேர்த்து.

படத்தில் எனக்குக் குறை உண்டு. முடிவில் இரண்டு அம்மாக்கள் விஷயத்தில் ஒரு சமாதானத்துக்கு வந்துவிடுகிறார். பெயர் விஷயம் அப்படியே தொங்கி நிற்கிறது.

எங்க வீட்டில் நடந்ததில் வஞ்சகம் கிடையாது, பசிதான். அந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு இரண்டையும் ஒன்றென்று சொல்ல மாட்டேன். சின்னத்தாத்தா சாகும்போது கொள்ளிக்குடம் உடைக்கிற வரை கூட நின்றது அம்மாதான்.

போன ஞாயிற்றுக்கிழமை மழை. அம்மாவுக்கு நிறுத்தி நிறுத்தி மொழிபெயர்த்துச் சொல்லி முழுப் படத்தையும் காட்டினேன். விமான நிலையத்துக்கும் அழவில்லை, கொரிய அம்மாவுக்கும் அழவில்லை. முடிந்தபிறகு ஒரே ஒரு கேள்வி.

“அந்த நெசமான புள்ள என்னாச்சு?”

அதைத் தேடித்தான் பத்து வருஷம் கழித்து, 2010-இல், அதே இயக்குநர் ‘இன் த மேட்டர் ஆஃப் சா ஜங் ஹீ’ எடுத்தார். அடுத்த ஞாயிறு பார்ப்போம்மா என்று சொல்லியிருக்கிறேன்.