வேறுபாடும் விலக்கும்: யூத மரபை நோக்கி ஒரு திறனாய்வு

பென்னாகரத்தில் நடைபெறும் வேதபாட வகுப்பில் ஒருநாள் பெரியவர் ஒருவர் எழுந்து, "ஐயா, யூதருடைய போதகர்கள் எந்நேரமும் தங்களுக்குள் வாதாடிக்கொண்டே இருந்தார்களே, சத்தியம் அவர்களிடம் இல்லாததால்தானே அப்படி?" என்று வினவினார். அவ்வினா நம்மைச் சுட்டது. ஏனெனில் அக்கருத்தை அவருக்குக் கற்பித்தவர்கள் நாமே. பரிசேயர் என்னும் பெயரை வசைச்சொல்லாக வழங்குவதும், மாறுபாட்டை அவநம்பிக்கையின் அடையாளமாகக் காட்டுவதும் நம் பிரசங்க மேடைகளின் பழைய வழக்கம். அவ்வழக்கு எத்துணை நேர்மையானது என்பதை ஆராய்வது நம் கடமையாகும்.

ஏறத்தாழ கி.பி. 200இல் ரபீ யூதா தொகுத்த மிஷ்னா, சட்டநூல் எனக் கருதப்படுகிறது. ஆயின் சட்டநூல்கள் முடிவை மட்டும் கூறுவது போல அது கூறுவதில்லை. இன்னார் இவ்வாறு உரைத்தார், இன்னார் மறுத்தார் என இரண்டையும் நிறுத்துகிறது. ஏற்கப்படாத சிறுபான்மைக் கருத்தை ஏன் எழுதிவைக்க வேண்டும் என்று அந்நூலே கேட்டு, பிற்காலத்து நீதிமன்றம் ஒன்று அக்கருத்தைச் சார்ந்து நிற்கக்கூடும் என்று காரணமும் காட்டுகிறது. தோற்றவனின் சொல்லை அழிக்காமல் காப்பதே இந்நூலின் தனிச்சிறப்பு என்போம்.

ஹில்லேல், ஷம்மாய் என்பாரின் இரு பள்ளிகளும் தூய்மை, திருமணம், ஓய்வுநாள் முதலிய பலவற்றில் மாறுபட்டன. ஒரு பள்ளி செல்லும் எனக் கூறிய திருமணத்தை மற்றது செல்லாது என்றது. ஆயினும் ஒருவர் வீட்டில் ஒருவர் பெண்கொள்ளவோ, பாத்திரங்களைப் பரிமாறிக்கொள்ளவோ அவர்கள் தயங்கவில்லை என்று மிஷ்னா பதிவு செய்கிறது. ஹில்லேல் பள்ளியின் தீர்ப்பு நிலைத்தமைக்குத் தல்மூத் கூறும் காரணம் நோக்கற்பாலது: அவர்கள் சாந்தமுள்ளவர்கள், எதிர்த்தரப்பாரின் கருத்தையும் கற்பித்தார்கள், அதையும் தங்கள் கருத்துக்கு முன்னதாகவே எடுத்துரைத்தார்கள். வாதத்திறமையை அது காரணமாகக் கூறவில்லை. நம் இறையியல் மாணவர் மறுக்கப் புகும் நூலை முதலில் அதன் ஆசிரியரே மெச்சும்படி எடுத்துரைக்கப் பழகுவாரேல் எத்துணை நலம்!

எனினும் புகழ்ச்சியோடு நின்றுவிடுதல் திறனாய்வு ஆகாது. பவுலின் ஆசிரியரான கமாலியேலின் பேரர் இரண்டாம் கமாலியேல். நாள்காட்டி பற்றிய வழக்கில், ரபீ யோசுவா பாவநிவாரண நாள் எனத் தாம் கணக்கிட்ட நாளிலேயே கோலும் பணமும் ஏந்தித் தம்மிடம் வரும்படி அவர் ஆணையிட்டார். யோசுவா கீழ்ப்படிந்தார்; கமாலியேல் எழுந்து அவரைத் தலையில் முத்தமிட்டார். ஆயினும் யோசுவாவை அவர் மீண்டும் பலர்முன் இழிவுபடுத்தியபோது, சபையார் அவரைத் தலைமையினின்றே நீக்கினர் என்று தல்மூத் உரைக்கிறது. வேறொரு வழக்கிலோ, பெரும்பான்மைக்குப் பணியாத ரபீ எலியேசர் விலக்கப்பட்டார். இம்மரபு தன் சகிப்பின்மையையும் மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறது.

இவை யாவும் இருக்கை பெற்ற ஆசிரியர்களுக்கிடையே நிகழ்ந்த மாறுபாடுகள். இருக்கையே மறுக்கப்பட்டவன் எங்ஙனம் மாறுபடுவான்? இக்கேள்விக்கு விடை தேட நாம் பாலஸ்தீனம் செல்ல வேண்டியதில்லை. கொச்சிக்குச் சென்றால் போதும். மட்டாஞ்சேரியில் 1568இல் எழுந்த பரதேசி ஜெபஆலயத்தார், தொன்மையான மலபார் யூதரோடு மணவுறவு கொள்ள மறுத்தனர். விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தோரைத் தம் ஆலயத்திலேயே பின்னிடத்தில் ஒதுக்கிச் சபையின் முழு உரிமைகளை மறுத்தனர். 16ஆம் நூற்றாண்டிலேயே இவ்வழக்கு கெய்ரோவிலிருந்த ரபீ தாவீது இப்னு சிம்ராவிடம் சென்றது. உரிய முழுக்குச் சடங்குக்குப்பின் விலக்கப்பட்டோர் மணவுறவுக்குரியவரே என்பது அவர் தீர்ப்பு. தீர்ப்பு வந்தது, நடைமுறை மாறவில்லை. வேதவாக்கியத்தைவிட ஊர்வழக்கு வலியது போலும்!

அவ்வாறு ஒதுக்கப்பட்ட வழியில் 1882இல் பிறந்தவர் ஏ. பி. சாலேம். வழக்குரைஞராகி, கொச்சி சமஸ்தானச் சட்டமன்றத்தில் 1925 முதல் 1931 வரையும், 1939 முதல் 1945 வரையும் உறுப்பினராக விளங்கியவர். தம் ஆலயத்தில் நிலவிய வேற்றுமையைச் சிலகாலம் ஆலயத்தைப் புறக்கணித்தும், சத்தியாக்கிரக முறையிலும் எதிர்த்தார். யூதக் காந்தி என்று அவரைப் பலர் அழைத்தது இதனாலேயே. 1930களின் நடுவில் பழைய தடைகள் பல தளர்ந்தன. 1950இல் அவர் மகனுக்கும் பரதேசி சபைப் பெண் ஒருவருக்கும் திருமணம் நிகழ்ந்தது. அவர் தம் சமயத்தைத் துறக்கவில்லை, தனிச்சபையும் நிறுவவில்லை. தமக்குரியது என்று உரிமை கொண்டாடிய ஆலயத்தையே குற்றஞ்சாட்டினார். ஹில்லேலின் மரபுக்கு உண்மையான வாரிசு, அந்த ஆலயத்தில் இருக்கை பெற்றிருந்தோர் அல்லர். பின்னிடத்தில் ஒதுக்கப்பட்ட இவரே என்பது நம் துணிபு.

ஆனால் வருந்தத்தக்க ஒன்றுண்டு. 1948இல் இஸ்ரவேல் நாடு தோன்றியபின் கொச்சி யூதருள் பெரும்பாலோர் அங்கே குடியேறினர். எவர் எங்கே அமர்வது என்று நூற்றாண்டுகளாக வழக்காடிய ஆலயத்தில் இன்று அமர ஆளில்லை. சகிப்புக்கும் காலவரையறை உண்டு போலும்.

நாம் அவர்கள்மீது கல்லெறியத் தகுதியுடையோமா? 1833இல் பேராயர் தானியேல் வில்சன், திருச்சபையில் சாதி வேற்றுமை ஒழிய வேண்டுமென ஆணையிட்டபோது, சென்னை வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் சபையைவிட்டு வெளியேறினர். பந்தியில் இணைந்து உட்காருவதைவிட ஆலயத்தைத் துறப்பது அவர்களுக்கு எளிதாயிற்று. இன்றும் நம் சபைத் தேர்தல்களில் கருத்து மாறுபாடு என்ற பெயரில் எழுவன எத்தனை, குலப்பகை எத்தனை என்பதை ஆயர்கள் அறிவர்.

ஆகவே இரண்டைப் பிரித்தறிதல் வேண்டும். கருத்தில் வேறுபடுவது ஒன்று. ஆளை விலக்குவது மற்றொன்று. முன்னது சத்தியத்தைத் தேடும் வழி. பின்னது தேடுவோரையே வெளியே தள்ளும் கதவு. உணவையும் நாள்களையும் பற்றிப் பவுல் ரோமருக்கு எழுதிய 14ஆம் அதிகாரமும் இதனையே வற்புறுத்துகிறது.

அப்பெரியவருக்கு அன்று நாம் கூறிய விடை இதுவே: "அவர்கள் வாதாடியது சத்தியம் இல்லாமையால் அன்று, ஐயா, அது ஒருவர் கைக்குள் அடங்காது என்று அறிந்தமையால்." அவர் சற்றுச் சிந்தித்து, "அப்படியானால் நாமும் வாதாடலாமா?" என்றார். ஆடலாம், முடிந்தபின் ஒரே பாயில் உட்கார்ந்து உண்ண இயலுமேல்.