முடிவில் தொடங்கும் இசைநாடகம்

1981 நவம்பரில் பிராட்வேயில் அரங்கேறிய ‘மெரிலி வீ ரோல் அலாங்’, 16 காட்சிகளோடு மூட்டை கட்டியது. ஆனாலும் ஸ்டீவன் சோன்ட்ஹைமின் பாடல்கள் இசைத்தட்டு வழியே ரசிகர்களிடம் தங்கிவிட்டன. 2023இல் மரியா ஃப்ரீட்மேன் இயக்கத்தில் ஹட்சன் அரங்கின் வழியே அது பிராட்வேக்குத் திரும்பியபோது, அந்த ரசிகர்கள் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்கள்.

மூன்று நண்பர்களின் கதை. 1976இல் தொடங்கிப் பின்னோக்கி நடந்து 1957இல் முடிகிறது. ‘நாட் எ டே கோஸ் பை’ பாடலைக் கவனியுங்கள். முதலில் மணமுறிவின் கசப்பில் கேட்கிறோம். பிறகு அதே மெட்டு திருமண உறுதிமொழியாக வருகிறது. மணமக்களோடு, மூன்று நண்பர்களில் ஒருத்தியான மேரியும் பாடுகிறாள். மணமகன்மேல் அவளுக்குள்ள சொல்லாத காதல் நமக்குத் தெரியும். மகிழ்ச்சியான பாட்டுக்கு நெஞ்சு அடைக்கிறது.

பழைய வடிவமா, திருத்திய வடிவமா என்ற வாதம் ரசிகர்களிடையே இன்னும் ஓயவில்லை. என் கட்சி புதியதுதான். 1981இல் இளைஞர்கள் நடுவயது வேடம் கட்டினார்கள். இம்முறை ஜோனதன் கிராஃப், டேனியல் ராட்கிளிஃப், லிண்ட்சே மெண்டெஸ் என்று வாழ்ந்து பார்த்த முகங்கள். 2024இல் சிறந்த மறு அரங்கேற்றத்துக்கான டோனி விருது கிடைத்தது. நல்ல படைப்புக்காக விடாமல் வாதாடும் ரசிகர்கள் அதன் ஆயுளை நீட்டிக்கிறார்கள்.