எண்ணூறு விக்கெட்டும் லயத்துப் பிள்ளையும்

முத்தையா முரளிதரன் என்றதும் மலைநாட்டில் நாம் 800 என்ற எண்ணைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். நம்மவர் என்பதாலேயே அந்த எண்ணைத் தட்டிப் பார்க்கத் தயங்குகிறோம். தட்டிப் பார்க்கலாம், உடையாது.

எதிர்வாதிகள் முதலில் எடுப்பது அப்போது பலவீனமாக இருந்த சிம்பாப்வே, பங்களாதேஷ் அணிகளின் கணக்கு. 133 டெஸ்டுகளில் அவர் எடுத்த 800 விக்கெட்டுகளில் 176 அந்த இரு அணிகளிடமிருந்து வந்தவை. அவற்றை முழுதாகக் கழித்துவிடுவோம். 108 ஆட்டங்களில் 624 விக்கெட், சராசரி 25க்குச் சற்றுக் கீழே. அவுஸ்திரேலியச் சுழற்பந்து வீச்சாளர் ஷேன் வோர்னிடமிருந்து அதே இரு அணிகளைக் கழித்தால் 142 ஆட்டங்களில் 691. ஆட்டத்துக்கு எத்தனை என்று பார்த்தால் முரளி ஏறக்குறைய ஒரு விக்கெட் முன்னால் நிற்கிறார். வோர்னுக்கு மறுமுனையில் வேகப்பந்து வீச்சாளர் மெக்ரா இருந்தார், அதனால் விக்கெட்டுகள் பங்குபோயின என்பார்கள். உண்மைதான். ஆனால் மறுமுனையிலிருந்து நெருக்குவாரம் இல்லாமல் நாள் முழுக்க ஒற்றை ஆளாக 44,000 பந்துக்கு மேல் வீசியவனின் பாரத்தையும் அதே தராசில் வைக்க வேண்டும்.

தாங்காத இடங்களும் உண்டு. 493 விக்கெட்டுகள் சொந்த மண்ணில் விழுந்தவை. அவுஸ்திரேலியாவில் ஐந்து டெஸ்டில் 12 விக்கெட்தான், சராசரி 75. இந்திய மண்ணில் 45. சுழலை ஆடத் தெரிந்தவர்கள், அவர்களுடைய ஆடுகளத்தில், அவரைச் சாதாரண மனிதராக்கினார்கள். ஆனால் வோர்னும் இந்தியாவில் 43 சராசரியில்தான் திணறினார். 1998இல் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்தின் 16 விக்கெட்டுகளை ஒரே ஆட்டத்தில் சாய்த்ததை வைத்துப் பார்க்கும்போது, வெளிநாட்டில் சோபிக்கவில்லை என்ற பொதுப்பேச்சு நிற்காது.

பந்தை எறிகிறார் என்ற கை விவகாரத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. 1995 டிசம்பர் 26, மெல்பேர்னில் நடுவர் டரல் ஹெயர் ஏழு முறை நோ போல் கூவினார். முழங்கை பிறவியிலேயே முழுதாக நிமிராதது. ஆய்வுகூடங்களில் அளந்தார்கள்; 2004இல் கை அசையாதபடி பட்டையிட்டுக் கமராவுக்கு முன் வீசிக் காட்டினார், பந்து அப்போதும் சுழன்றது. வீசும்போது முழங்கை 15 பாகை வரை நிமிரலாம் என்ற விதி அவருக்காக வளைக்கப்பட்டது என்பவர்கள், அளந்தபோது மற்றப் பந்துவீச்சாளர் பலருடைய கையும் நிமிர்வது தெரியவந்ததை மறைக்கிறார்கள்.

ஆட்டக்காரர் என்ற வகையில் என் முடிவு தெளிவானது: டெஸ்ட் வரலாற்றின் மிகச்சிறந்த சுழற்பந்து வீச்சாளர் அவரே.

மலைநாட்டுக்கு இந்த வாழ்க்கை எதை நிரூபித்தது என்பது வேறு கேள்வி. அதில்தான் நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்கிறோம். தோட்ட வேலைக்கென்று தமிழகத்திலிருந்து வந்தவர் அவருடைய பாட்டனார். பேரன் வளர்ந்தது தோட்டத் தொழிலாளர் லயத்தில் அல்ல. தந்தைக்குக் கண்டிக்கருகே குண்டசாலையில் பிஸ்கட் தொழிற்சாலை இருந்தது. 1977 கலவரத்தில் அது தாக்கப்பட்டும் குடும்பம் எழுந்து நின்றது. கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரி, அங்கே வேகப்பந்து வீசிய பதினான்கு வயதுப் பையனைச் சுழலுக்குத் திருப்பிய பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ, புல் வளர்த்த மைதானம், எல்லாம் கைக்கெட்டின. அவர் சிறுவனாக இருந்த அந்த ஆண்டுகளில்தான் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி தோட்டக் குடும்பங்கள் இந்தியாவுக்குத் தலைமன்னாரில் கப்பல் ஏறிக்கொண்டிருந்தன. தோட்டப் பாடசாலைகளை அரசு பெருமளவில் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான்.

மைதானமே இல்லாத மலை அல்ல இது. டிக்கோயா தரவளையிலும் ராதெல்லவிலும் வெள்ளைத் துரைமார் காலந்தொட்டுக் கிரிக்கெட்டும் ரகரும் ஆடியிருக்கிறார்கள். அந்தப் புல்லைச் சுற்றியே கொழுந்து பறித்த சனத்தின் பிள்ளைகளுக்காக அந்த கிளப்புகள் அமைக்கப்படவில்லை. நோர்வூட் மைதானம் நமக்கென்று இருக்கிறது. நாடு அதை அறிந்தது 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் அங்கே கூட்டத்தில் பேசியபோது.

போர் முடிவைப் பற்றி 2019 தேர்தல் காலத்தில் முரளி பேசியது பலரைக் காயப்படுத்தியது. அந்தக் கண்டனத்தில் நியாயம் உண்டு. ஆனால் அடுத்த ஆண்டு, அவர் வாழ்க்கையைச் சொல்லும் '800' படத்தை எதிர்த்து எழுந்த குரல்களில் மலையகம் என்றொரு வரலாறு இருப்பதே பெரும்பாலும் கேட்கவில்லை. எனக்கு வலித்தது அதுதான். அரசியல் பேச்சுக்காக விக்கெட்டைக் கழிக்கவும் முடியாது, விக்கெட்டுக்காகப் பேச்சை மன்னிக்கவும் தேவையில்லை.

ஆகவே 'முரளியால் முடிந்தது, உன்னால் முடியாதா' என்று தலவாக்கலைப் பிள்ளையிடம் கேட்பது அநியாயம். முரளி தோட்டத்தின் வழியாக வரவில்லை, தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்திலிருந்து வந்தார். அவருக்குப் பின்னால் லயங்களிலிருந்து ஒரு வரிசை எழவில்லை. அந்தக் குறையை அவர் தலையில் கட்டவும் கூடாது. பயிற்றுநரை நியமிக்காத கல்வி அமைச்சும், விளையாடச் சமதரை ஒதுக்காத தோட்டக் கம்பனிகளும், சம்பளப் பேச்சுவார்த்தையில் இதை ஒரு முறையேனும் உரக்கக் கேட்க வேண்டிய தொழிற்சங்கங்களும்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள்.