படிக்கப்படாத வாக்குமூலம்

முறை வழங்குதல் என்பது தண்டனை வழங்குதல் மட்டுமன்று. குறை கூறியவர் சொல்லையும் குறை சாட்டப்பட்டவர் சொல்லையும் ஒருங்கே கேட்டு, நடந்தது இன்னது எனத் தெளிந்த பின்னரே தீர்ப்புரைத்தல் முறையாகும். கோவலன் வழக்கில் பாண்டியன் செய்த பிழை, பொற்கொல்லன் சொல் ஒன்றையே கேட்டு, ஆராயாது ஆணையிட்டதே. அதே மன்னன் கண்ணகியின் முறையீட்டைச் செவிமடுத்தான். சிலம்பை உடைத்துக் காட்ட இடந்தந்தான். உண்மை கண்டதும் தன் பிழையை ஒப்பினான். கேளாமற் கொடுத்த தீர்ப்பு ஓர் உயிரைக் கொன்றது. கேட்டுக் கொடுத்த தீர்ப்பு பழியைத் துடைத்தது. இரண்டு காட்சிகளையும் ஒரே காப்பியத்தில் வைத்த இளங்கோவடிகளின் திறம் கருதத்தக்கது.

இவ்வளவுகோலால் அளந்து பார்க்கத்தக்க புதினம் ஒன்று தென்னாப்பிரிக்காவில் தோன்றியது. ஜே. எம். கூட்ஸி 1999இல் வெளியிட்ட 'டிஸ்கிரேஸ்' என்பது அது. மானக்கேடு என்பது அப்பெயரின் பொருள். அவ்வாண்டே அது புக்கர் பரிசு பெற்றது. ஆசிரியருக்கு 2003இல் நோபல் பரிசு கிடைத்தது. கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் கற்பித்தவர் ஆதலின், கல்விக்கூடத்தின் உள்ளும் புறமும் அறிந்து எழுதினார்.

கதைத் தலைவர் டேவிட் லூரி 52 வயதுப் பேராசிரியர். மெலனி ஐசக்ஸ் என்னும் மாணவியைத் தம் இச்சைக்கு உட்படுத்துகிறார். ஒருநாள் அவள் வீட்டிற்கே சென்று சேர்ந்தபோது, அவளுக்கு அதில் சிறிதும் விருப்பமில்லை என்பதை அவர் மனமே உணர்கிறது. எனினும் அவர் நிற்கவில்லை. அவள் எழுதாத தேர்வுக்கு 70 மதிப்பெண்ணும் ஏட்டில் இடுகிறார். பின்னர் மெலனி முறையிடுகிறாள். பல்கலைக்கழகம் விசாரணைக் குழு ஒன்றை அமைக்கிறது.

புதினத்தின் உயிர்நாடி இக்குழுவின்முன் நிகழும் காட்சியாகும். லூரி சாட்டப்பட்டவை அனைத்தையும் ஒப்புகிறார். ஆனால் மெலனியின் வாக்குமூலத்தைப் படிக்க மறுக்கிறார். "குற்றவாளி என எழுதிக்கொள்ளுங்கள், தீர்ப்பைச் சொல்லுங்கள்" என்ற போக்கிலே அவர் பேச்சு அமைகிறது. குழுவினரோ அது போதாது என்கின்றனர். வருந்துகிறேன் என்று அவர் சொல்லவேண்டும் என்பது அவர்கள் விருப்பம். குழுத்தலைவர் மத்தபானே, ஓர் அறிக்கையில் அவர் கையெழுத்திட்டால் போதும், வேலை தப்பலாம் என்று பின்னர்த் தெரிவிக்கிறார். லூரி மறுத்து வேலையை இழக்கிறார்.

இக்காட்சியைப் படிப்போர் பலர் லூரியின் பக்கம் சாய்வது இயல்பு. உள்ளத்தில் இல்லாத வருத்தத்தை உதட்டால் சொல்ல மறுத்த நேர்மையாளர் என்று அவரைப் போற்றத் தோன்றும். அது பாதி உண்மையே. கட்டாயத்தால் பிறக்கும் வருத்தம் வருத்தமன்று என்பது மெய். ஆயின், வாக்குமூலத்தைப் படியாமலே ஒப்புக்கொள்வது எத்தகைய நேர்மை? தாம் செய்தது இன்னது என்று அவள் சொல்லும் சொல்லை அவர் காதால் கேட்கவே மறுக்கிறார். முதலில் அவள் விருப்பத்தைக் கேளாது நடந்தார்; இப்போது அவள் முறையீட்டையும் கேளாது ஒப்புகிறார். இரண்டும் ஒரே செருக்கின் இரு முகங்கள் அல்லவா?

குழுவின் குறையும் சிறிதன்று. எதை ஒப்புகிறீர் என்று தெளிவாகச் சொல்லும்படி ஃபரோடியா ரசூல் என்னும் உறுப்பினர் வற்புறுத்துகிறார். அக்கூட்டத்தில் எழுந்த சரியான வினா அதுவே. ஆனால் அவ்வினா விடையின்றிக் கரைந்து, மன்னிப்பு எப்படி அமையவேண்டும் என்ற பேச்சாக மாறிவிடுகிறது.

இங்கே அந்நாட்டு வரலாற்றையும் நோக்கவேண்டும். பேராயர் டெஸ்மண்ட் டூட்டு தலைமையில் உண்மை, நல்லிணக்க ஆணையம் 1996இல் விசாரணைகளைத் தொடங்கியது. புதினத்தின் குழு அவ்வாணையத்தின் நிழல் என்பர் திறனாய்வாளர். எனினும் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. பொதுமன்னிப்பு வேண்டியவர் செய்ததை மறையாது முழுதும் கூறவேண்டும் என்பது ஆணையத்தின் விதி. வருந்தவேண்டும் என்பது விதியன்று. ஆணையம் உண்மையைக் கேட்டது, வருத்தத்தைக் கட்டாயமாக்கவில்லை. பல்கலைக்கழகக் குழுவோ வருத்தத்தைக் கேட்டது, உண்மையை விட்டுவிட்டது.

கூட்ஸியின் பேராற்றல் பிற்பகுதியில் விளங்குகிறது. லூரியின் மகள் லூசியின் பண்ணைக்குள் மூவர் புகுந்து அவளைக் கெடுக்கின்றனர். களவை மட்டும் காவலரிடம் கூறி, மற்றதை அவள் மறைக்கிறாள். விசாரணையைத் துச்சமாக எண்ணிய தந்தை, இப்போது முறையிடு, முறையிடு என்று மகளிடம் மன்றாடுகிறார். பிறர் மகளுக்கு வேண்டாத நீதி தம் மகளுக்கு வேண்டியதாயிற்று!

பின்னர் லூரி மெலனியின் பெற்றோர் இல்லம் சென்று, தாயின் முன்னும் தங்கையின் முன்னும் மண்டியிட்டுத் தலை தாழ்த்துகிறார். எவரும் கட்டாயப்படுத்தாத வருத்தம் இது. ஆனால் மெலனி அங்கில்லை. அவள் குழுவிடம் கூறியது என்ன என்பதைக் கடைசிவரை வாசகரும் அறியார். இதனை நூலின் குறையாகக் கொள்வாரும் உளர். கதை முழுதும் லூரியின் கண்வழியே செல்வதால், அவர் கேளாததை வாசகரும் கேளார். அந்த வெறுமையே நூலாசிரியரின் குற்றச்சாட்டு எனலாம்.

இது தொலைநாட்டுக் கதை மட்டுமன்று. 2019இல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் குளியலறையில் படம்பிடிக்கப்பட்ட மாணவி ஒருவர், தண்டனை போதாதென வெளிப்படையாகக் குரல் கொடுத்தார். அதன்பின் மறு ஆய்வுக் குழு அமைந்தது; விதிகள் கடுமையாயின; பாதிக்கப்பட்டோருக்கு உதவத் தனிப்பிரிவும் தோன்றியது.

விதி கடுமையாவது மட்டும் போதுமா? முறையிட்டவர் சொல்லை எதிர்த்தரப்பு படித்தாகவேண்டும். எதிர்த்தரப்பின் மறுமொழியை முறையிட்டவர் அறியவேண்டும். நடந்தது இன்னது எனக் குழு எழுத்தில் வரையறுக்கவேண்டும். தண்டனை அதன் பின்னரே வரவேண்டும். இம்முறை குற்றம் செய்யாதவரைப் பழியினின்று காக்கும். துன்புற்றவரின் சொல்லுக்கும் மதிப்பளிக்கும். ஒருவர்க்குச் செய்யும் நியாயம் மற்றவர்க்கு அநியாயம் என்று எண்ணுவது பெரும்பிழை. வருத்தம் அவரவர் உள்ளத்துக்கு உரியது. உண்மை காண்பதே மன்றத்துக்கு உரியது.