வடக்கன்குளம் சுவர்: நல்ல தீர்ப்பு, மோசமான காரணம்

மைக்கேல் பிள்ளை எதிர் பார்த்தே. 1917ஆம் ஆண்டுத் தொகுப்பில் இருக்கும் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு. மேலோட்டமாகப் படித்தால் சாதிக்கு எதிரான வெற்றி மாதிரித்தான் தெரியும். எனக்கு அதில் ஒரு நெருடல்.

முத்துக்குளித்துறைக்குச் சற்று உள்ளே இருக்கிறது வடக்கன்குளம். இன்று தூத்துக்குடி மறைமாவட்டம், அன்று திருச்சி ஆயரின் கீழ். அங்கே கால்சட்டை வடிவத்தில் ஒரு கத்தோலிக்கக் கோயில்: இரண்டு கால், ஒரே பீடம். பிள்ளை, முதலியார் ஒரு பக்கம். நாடார் முதலானோர் மறுபக்கம். 1910இல் நடுச்சுவரை இடித்தார்கள். திரும்பக் கட்டித் தரணும்னு பிள்ளைமார் ஆயர் மேலேயே வழக்குப் போட்டுத் தோற்றார்கள்.

ஏன் தோற்றார்கள்? தீட்டுக்குக் கிறிஸ்தவத்தில் ஆதாரம் இல்லை, எனவே உங்களுக்கு ஒரு பாதிப்பும் இல்லை என்றது நீதிமன்றம். மறுபக்கம் நின்றவர்களின் உரிமையில் இருந்து பிறந்த காரணம் இல்லை இது. ஆயரே சுவரை வைத்துக்கொள்ள நினைத்திருந்தால் இந்தத் தர்க்கம் நாடார்களுக்கு உதவியிருக்காது. 1908இல் கமுதி சிவன் கோயில் வழக்கில் இதே நாடார்களை நுழையக் கூடாது என்று பிரிவி கவுன்சில் சொல்லியாச்சு. அங்கே தீட்டுக்கு வழக்கமும் சாஸ்திரமும் இருந்ததாம்! மனுஷனுக்கு என்ன நடந்தது என்று பார்க்கவில்லை, மதத்தில் என்ன எழுதியிருக்கு என்று பார்த்தார்கள்.

இந்தக் கரையில் கிறிஸ்தவம் வந்ததே சாதி வழியாத்தான். 1530களில் பரதவர்கள் தங்கள் தலைவர்களோடு சாதியாகத் திரண்டு ஞானஸ்நானம் வாங்கினார்கள் (போர்த்துகீசியருக்கு முத்துச் சலாபம், இவங்களுக்குப் பாதுகாப்பு). ‘கிறிஸ்தவத்தில் சாதி இல்லை’ என்பது பைபிளுக்குப் பொருந்தலாம், வடக்கன்குளத்துக்குப் பொருந்தாது.

அதே வாக்கியம்தான் பின்னால் திரும்பி அடித்தது. 1950இன் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவரானவர் பட்டியல் சாதி கிடையாது. 1985இல் சூசை வழக்கு. சென்னையில் செருப்புத் தைக்கும் ஆதிதிராவிடர். பட்டியல் சாதித் தொழிலாளர்களுக்கு அரசு கொடுத்த இலவசப் பெட்டிக்கடை அவருக்குக் கிடைக்கவில்லை. மதம் மாறியும் இழிவு அதே கடுமையோடு தொடருதுன்னு நிரூபி என்றது உச்ச நீதிமன்றம். ஒரு செருப்புத் தொழிலாளி அதை எப்படி நிரூபிப்பார்?

இன்று ஒரு தலித் கிறிஸ்தவரின் உடலைக் கல்லறைச் சுவருக்கு அந்தப் பக்கம் புதைக்கச் சொன்னால் 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவர் குடும்பத்துக்கு இல்லை. 1955இன் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. அது சாதிச் சான்றிதழ் கேட்காது. ஒரே மதத்தவருக்குத் திறந்த வழிபாட்டிடம், சுடுகாடு, இடுகாட்டில் தீண்டாமை காட்டினாலே குற்றம். ஆயரையும் விடாது. கோயில் வழக்குகளில் அதை ஏன் இவ்வளவு குறைவாகப் பேசுகிறோம்னு புரியலை.