கோவணம் நெய்தவன் எங்கே?

உயர்தர வகுப்பில் பயிலும் மாணவர் ஒருவர் சில வாரங்களுக்கு முன் என்னிடம் ஒரு கேள்வியுடன் வந்தார். யோகாசனம் பயில்வதற்கு ஆண்களுக்கேற்ற நல்ல உடுப்பு யாழ்ப்பாணத்தில் எங்கே கிடைக்கும், அதுவும் மண்ணையும் நீரையும் கெடுக்காத துணியில் என்பதே கேள்வி. ஆசிரியர் அறையில் இருந்த நண்பர்கள் சிரித்தனர். “வேட்டியைக் கொடுக்குக் கட்டிக்கொண்டு செய்யேன் தம்பி” என்றார் ஒருவர். “சேர், சிரசாசனத்தில் வேட்டி நிற்காது” என்று அவர் அடக்கமாகச் சொன்னார். அந்த விடை நியாயமானது. அதற்குப்பின் நாங்கள் யாரும் சிரிக்கவில்லை.

உடுப்பைப் பற்றிய பேச்சு அற்பமானது என்று கருதும் வழக்கம் நம் இலக்கிய உலகில் உண்டு. ஆனால் 2014 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபை ஜூன் 21ஆம் நாளை யோகா தினமாக அறிவித்து, அடுத்த ஆண்டு முதல் அது கொண்டாடப்பட்டு வருவதன் பின், யோகா என்பது தவச்சாலையின் விவகாரமாக மட்டும் இல்லை. அது ஒரு சந்தை. சந்தைக்குரிய இலக்கியம் விளம்பரம். அந்த மாணவர் காட்டிய விளம்பரங்களை நான் ஒரு கவிதைத் தொகுதியை வாசிப்பதுபோல் வாசித்தேன். இயற்கை, தூய்மை, பூமியின்பால் அன்பு, மூச்சு, அமைதி ஆகிய சொற்கள் மீண்டும் மீண்டும் வருகின்றன. பருத்திச் செடி வருகிறது, மூங்கில் வருகிறது, கடலில் மிதக்கும் போத்தல்கூட வருகிறது. நூற்றவரும் நெய்தவரும் தைத்தவரும் வரவில்லை. உழைப்பாளி இல்லாத உலகில் உடுப்பு தானே முளைத்து வந்ததுபோல் அந்த வசனங்கள் அமைந்திருக்கின்றன.

இந்த மறதி இன்று பிறந்ததன்று. யோகியின் உடுப்பைப் பற்றித் தமிழில் நமக்குள்ள பெரிய கதை சேக்கிழாரின் பெரியபுராணத்தில் இருக்கிறது. அமர்நீதி நாயனார் பழையாறையைச் சேர்ந்த வணிகர். பொன்னும் மணியும் துகிலும் விற்றுப் பெருஞ்செல்வம் ஈட்டியவர். திருநல்லூரில் மடம் அமைத்து அடியார்க்கு உணவும் கோவணமும் கொடுத்து வந்தார். இறைவன் பிரமசாரி வடிவில், தண்டில் இரண்டு கோவணங்களைக் கட்டிக்கொண்டு வந்து, ஒன்றை அவரிடம் வைத்துச் சென்று, அதை மறையச் செய்து, திரும்பி வந்து கேட்கிறான். மற்றக் கோவணத்தின் நிறைக்கு ஈடாக வேறு கோவணம் தந்தாற் போதும் என்கிறான். தராசின் ஒரு தட்டில் அந்தச் சிறு துண்டு. மறு தட்டில் வணிகரின் துணிப்பொதிகள், பொன், மணி எல்லாம் ஏறுகின்றன. தட்டு அசையவில்லை. மனைவியுடனும் மைந்தனுடனும் தாமே ஏறிய பின்னரே நிறை ஒக்கிறது.

சேக்கிழாரின் நாடக ஆற்றலுக்கு இந்தப் பகுதி நல்ல சான்று. ஒரு துண்டுத் துணியின் முன் ஒரு களஞ்சியம் முழுவதும் தோற்பதைக் கண்முன் நிறுத்திவிடுகிறார். ஆனால் அந்தக் கோவணத்தை நெய்தவர் யார் என்ற கேள்வி கதைக்குள் எழவே இல்லை. அதே நூலில் நேச நாயனார் என்றொருவர் இருக்கிறார், காம்பீலி என்னும் ஊர்க்காரர், நெசவுக் குலத்தவர். மனத்தைச் சிவன்பால் வைத்து, கையால் தறியை இயக்கி, உடையும் கீளும் கோவணமும் நெய்து அடியார்க்குக் கொடுத்தவர். கொடுத்த வணிகருக்கு விரிந்ததொரு புராணம். நெய்து கொடுத்தவருக்கோ விரல்விட்டு எண்ணக்கூடிய சில பாடல்கள். சேக்கிழாரைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. நெசவாளியையும் அறுபத்துமூவரில் ஒருவராகப் பாடியது அக்காலத்திற்குப் பெரிய காரியம். எனினும் எவருக்கு எத்தனை பாடல் என்ற கணக்கில் ஒரு சமுதாயத்தின் தராசு தெரிகிறது. எங்கள் மேடைகளிலும் அமர்நீதியாரின் தராசைக் கேட்ட அளவுக்கு நேசரின் தறியை நான் கேட்டதில்லை.

இனி நம் மண்ணுக்கு வருவோம். இயற்கைச் சாயம் என்ற சொல்லை இன்று கேட்டால் மனம் குளிர்கிறது. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் மணற்பாங்கான நிலங்களில் சாயவேர் என்னும் சிறு பூண்டு வளர்ந்தது. இம்பூறல் என்றும் சொல்வர். அதன் வேரிலிருந்து, படிக்காரத்தின் துணையுடன், வெளுக்காத சிவப்பு கிடைத்தது. இதைவிடத் தூய சாயம் வேண்டுமா? ஆனால் 1658 முதல் 1795 வரை இங்கே ஆண்ட ஒல்லாந்தர் அந்த வேரைத் தமது ஏகபோகமாக்கினர். வேர் கிண்டுவது குறித்த சாதியினர்மீது கடமையாகச் சுமத்தப்பட்டது. கிண்டிய வேர் கும்பனிக்கே போயிற்று. வேர் குத்துவது ஒரு பிரிவினரின் பெயராகவே ஒட்டிக்கொண்டது. நிலத்தைக் கெடுக்காத சாயம் மனிதரைக் கெடுக்கும் முறையிலும் பெறப்படலாம் என்பதற்கு வேறு நாட்டு உதாரணம் தேடவேண்டியதில்லை.

தூய்மை என்ற சொல்லும் நமக்குப் புதியதன்று. பூப்புச் சடங்குக்கும் இழவு வீட்டுக்கும் துடக்கு நீக்கும் ‘மாற்று’த் துணியைக் கட்டாடியே கொண்டுவர வேண்டியிருந்தது. அவர் வெளுத்த துணியால் வீடு சுத்தமாயிற்று. அவரோ அந்த வீட்டின் படியேற முடியாதிருந்தது. தாழ்த்தப்பட்ட ஆண்மகன் தோளில் சால்வை போடக்கூடாது, வேட்டியை முழங்காலுக்குக் கீழே இறக்கிக் கட்டக்கூடாது என்ற கட்டுப்பாடுகள் இந்தக் குடாநாட்டில் வழங்கின. கோயிலுக்குள் மேற்சட்டையைக் கழற்றி நிற்பது பக்தி. வீதியில் மேல்வெற்று உடம்போடு நிற்கவேண்டியிருந்தது அடிமைத்தனம். ஒரே வெற்றுடம்பு, இரண்டு அர்த்தங்கள். சமுதாயக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957இல் வந்தும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் மக்கள் திரண்டு நின்று உரிமை கேட்கவேண்டி இருந்தது. 1972இல் வெளிவந்த கே. டானியலின் ‘பஞ்சமர்’ நாவலை வாசித்த மாணவர்க்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. ‘எளிய ஆடை யோகிக்கு அழகு’ என்று நாம் சொல்லும்போது, அந்த எளிமையைத் தேர்ந்துகொள்ளும் உரிமை எல்லோருக்கும் இருந்ததா என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது.

துணியையும் சமத்துவத்தையும் ஒரே மூச்சில் பேசிய காலம் ஒன்றும் நமக்கு உண்டு. 1924இல் தோன்றிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரசின் அழைப்பில் 1927 நவம்பர் இறுதியில் காந்தி இங்கு வந்தார். கதர் நிதி திரட்டப்பட்டது. தீண்டாமையைக் கண்டித்தும் அவர் பேசினார். ஹன்டி பேரின்பநாயகம் முதலிய இளைஞர்கள் கதரையும் சாதி ஒழிப்பையும் ஒரே கொள்கையின் இரு கைகளாகக் கண்டனர். அந்த முயற்சியின் பெருமையை மறுக்க முடியாது. ஆயினும் கதர் இங்கே படித்தவரின் கொள்கை உடுப்பாக நின்றதேயன்றி, கிராமத்தின் பிழைப்பாக வேரூன்றவில்லை என்பது என் கணிப்பு.

பிழைப்பாக வேரூன்றியது பின்னர்தான். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த ஆண்டுகளில் கைத்தறி நாடெங்கும் தழைத்தது. சாரமும் சேலையும் படுக்கை விரிப்பும் உள்ளூர்த் தறிகளில் நெய்யப்பட்டன; தறியில் இருந்தவருட் பெரும்பாலோர் பெண்கள். 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. கப்பலில் வந்த மலிவுத் துணியின் முன் கைத்தறி நிற்க முடியவில்லை. பின்னர் போர்; தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை. சவர்க்காரம் கிடைக்காத அந்நாளில் பனம்பழச் சாற்றில் உடுப்புத் தோய்த்ததையும், கொடியில் காய்ந்த உடுப்பின் மணத்துக்கு மாடு வந்து சப்பியதையும் எங்கள் தலைமுறை மறக்காது. சுற்றாடலுக்கு இதமான சலவை என்று அதற்கு அன்று யாரும் பெயர் வைக்கவில்லை.

இப்பொழுது அந்த மாணவரின் கேள்விக்கு மீள்வோம். கடைகளில் உடற்பயிற்சி உடுப்பென்று ஆண்களுக்குக் கிடைப்பவற்றிற் பெரும்பகுதி பொலியெஸ்டர்; 1941இல் இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்ட, எண்ணெய்யிலிருந்து பிறக்கும் இழை. அதனுடன் 1958இல் அமெரிக்காவில் உருவான ஸ்பான்டெக்ஸ் என்னும் இழுபடும் இழை கலக்கப்படுகிறது. இவற்றுக்குச் சிறப்பில்லை என்று சொல்வது பொய்யாகும். உடலோடு வளைகின்றன, விரைவில் காய்கின்றன. ஆனால் ஒவ்வொரு சலவையிலும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துகள்களை உதிர்க்கின்றன. பழைய போத்தலை உருக்கிச் செய்த துணியும் அப்படியே உதிர்க்கும். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லாத, சுண்ணாம்புக் கல்லின்மேல் அமர்ந்த குடாநாடு இது. கிணற்றடியில் தோய்த்த நீர் வாழைக்குப் பாய்ந்து அதே மண்ணுக்குள் இறங்குகிறது. பிற நாட்டார் கடலைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன் நாம் நமது கிணற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்.

மூங்கில் துணி என்று விற்கப்படுவது பெரும்பாலும் விஸ்கோஸ். மூங்கிலைக் கூழாக்கி, காபன் டைசல்பைட்டுடன் வினைபுரியச் செய்து இழையாக்குகின்றனர். அந்த இரசாயனம் ஆலைத் தொழிலாளியின் நரம்புகளைத் தாக்கக்கூடியது. விஸ்கோசை மூங்கில் என்று பெயரிட்டு விற்ற கடைகள்மீது அமெரிக்க அரசே நடவடிக்கை எடுத்தது. பருத்தி என்றால் எல்லாம் சரி என்றும் இருந்துவிட முடியாது. நாம் உடுத்தும் பெனியன்களின் ஊரான திருப்பூரில் சாயக் கழிவு நொய்யல் ஆற்றைக் கொன்றது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அன்று வேலையிழந்து நின்றவரும் தொழிலாளரே. ஆற்றோரத்தில் நிலம் கெட்டு நின்றவரும் உழவரே.

கனடாவில் 1998இல் தொடங்கிய லுலுலெமன் போன்ற நிறுவனங்களின் யோகா உடுப்புகள் தைக்கப்படும் முக்கிய நாடுகளுள் இலங்கை ஒன்று. போருக்குப் பின் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்தன. வன்னியின் இளம் பெண்கள் பேருந்தேறிப் போய் இலக்குக் கணக்கில் தைக்கின்றனர். வேலை இல்லாத இடத்தில் அது வேலை; அதை இகழ்வது வயிறு நிறைந்தவனின் பேச்சு. ஆயினும் மூச்சை ஒழுங்குபடுத்தும் ஒருவனுக்கான காற்சட்டையை, மூச்சுவிட நேரமின்றி ஒருத்தி தைக்கிறாள். இயற்கைப் பருத்திக்கு வழங்கப்படும் சில சர்வதேச முத்திரைகள் தொழிலாளர் நிலையையும் நிபந்தனையாக வைத்திருக்கின்றன. அவற்றை நான் தள்ளவில்லை. ஆனால் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது செடி, சிறிய எழுத்தில்கூட அரிதாக வருவது சம்பளம்.

மாணவருக்கு நான் சொன்ன யோசனை இதுதான். மைசூரில் 1934இல் வெளிவந்த கிருஷ்ணமாச்சாரியாரின் ‘யோக மகரந்தம்’ நூலின் படங்களைப் பார்த்தால் ஆசனத்துக்கு எவ்வளவு சிறிய துணி போதும் என்பது விளங்கும். கொழும்புத்துறையில் வாழ்ந்து 1964இல் மறைந்த யோகர் சுவாமிக்கு வெள்ளை வேட்டி போதியதாயிருந்தது. இக்காலத்து இளைஞன் பொது மண்டபத்தில் அப்படி நிற்கக் கூச்சப்பட்டால் அதிலும் தவறில்லை. கைத்தறிப் பருத்தித் துணி இரண்டு யார் வாங்கி, ஒருமுறை நனைத்து உலர்த்திச் சுருங்கவிட்டு, அரைக் காற்சட்டையாகத் தைப்பிக்கலாம்; இடுப்புக்கு நாடா போதும். தொடைச் சந்தில் ஒரு சதுரத் துண்டு வைத்துத் தைத்தால் எந்த ஆசனத்திலும் கிழியாது. துணியில் ஐயம் இருந்தால் ஓரத்து இழை ஒன்றைப் பிடுங்கி எரித்துப் பார்க்கலாம். பருத்தி கடதாசி மணத்துடன் எரிந்து மென்சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிக் கட்டிபடும். நூல் பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே வருகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. நெய்யும் கூலியாவது இங்கே நிற்கும். அந்தக் கூலி கைத்தறியின் விலையில் தெரியும்; விலை சற்றுக் கூடுதலாகத்தான் இருக்கும்.

மறுவாரம் இருவரும் நகரில் ஒரு கடைக்குப் போனோம். கைத்தறித் துணி இருந்தது. நல்ல துணி, கரையில் ஒரு மெல்லிய நீலக்கோடு. மாணவர் விலையைக் கேட்டார், சொன்னார்கள். “இது எந்த ஊரில் நெய்தது, ஐயா? ஆர் நெய்தது?” என்று அடுத்துக் கேட்டார். கடைக்காரர் துணியைத் திருப்பித் திருப்பி ஒட்டியிருந்த சீட்டைத் தேடினார். சீட்டில் விலை மட்டும் இருந்தது.